யாருக்கு முதல் வைத்தியம்? அவசரப் பிரிவில் ஓர் இரவு

அவசரப் பிரிவின் கதவுக்குப் பூட்டு கிடையாது. தீபாவளி அன்றும் திறந்திருக்கும். பொங்கல் அன்றும் திறந்திருக்கும். இரவு 2 மணிக்கும் விளக்கு எரியும்.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. "முதலில் வந்தவனை உட்கார வைத்துவிட்டு, பிறகு வந்தவனை உள்ளே கொண்டு போகிறார்களே! இது என்ன நியாயம்?" என்று கேட்காத குடும்பம் இல்லை.

அந்த நியாயத்தைப் பார்க்க, காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தை மாதம். அறுவடைக் காலம். ஒரு சனிக்கிழமை மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை அங்கே இருந்தோம். நோயாளிகளின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அவர்கள் பட்டது போதும்.

பணியில் இருந்தவர்கள் 2 டாக்டர்கள், 4 நர்சுகள், தள்ளுவண்டி தள்ளும் ஆட்கள் 2 பேர். டாக்டர்களில் ஒருவர் பெண். வயது முப்பதுக்குள் இருக்கும். எல்லோரும் அவரை "டாக்டரம்மா" என்றே அழைத்தார்கள். அவரைவிட வயதில் மூத்த நர்சுகளும் அப்படித்தான்.

சிவப்பு, மஞ்சள், பச்சை

வாசலைத் தாண்டியதும் ஒரு மேசை. அங்கே ஒரு நர்சு நிற்கிறார். உட்காருவதில்லை, நிற்கிறார். வருகிறவரை ஒரு பார்வை பார்க்கிறார். நாடி பிடிக்கிறார். ரத்த அழுத்தம் பார்க்கிறார். விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டுகிறார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். இவ்வளவும் 2 நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிறகு ஒரு நிறம் சொல்கிறார்.

சிவப்பு என்றால் இப்போதே பார்க்க வேண்டும். தாமதித்தால் உயிர் போய்விடும். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். ஆனால் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை என்றால் காத்திருக்கலாம். அறையையும் இப்படியே மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்.

ரேசன் கடையில் வரிசைதான் நியாயம். இங்கே வரிசை என்பது அநியாயம்!

அன்று மாலை ஒரு மளிகைக் கடைக்காரர் வந்திருந்தார். தேங்காய் உடைக்கும்போது அரிவாள் விரலில் பட்டுவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தம் நின்றுவிட்டது, கோபம் நிற்கவில்லை.

"நான் 6 மணிக்கே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் 5 பேர் உள்ளே போய்விட்டார்கள். கேட்பார் இல்லையா?" என்று சத்தம் போட்டார்.

நர்சு கோபப்படவில்லை. "அண்ணே, உங்களால் சத்தம் போட முடிகிறது. அதனால்தான் காத்திருக்கச் சொன்னேன். உள்ளே போனவர்களால் பேசவே முடியவில்லை" என்றார்.

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் சமாதானம் ஆகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இந்த முறை நேற்று வந்ததல்ல. 200 ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்சு நாட்டில், மாவீரன் நெப்போலியனின் படையில் லாரே என்று ஒரு டாக்டர் இருந்தார். அதற்கு முன்பெல்லாம் சண்டை ஓய்ந்த பிறகுதான் காயம் பட்டவர்களைத் தூக்கி வருவார்கள். லாரே குதிரை வண்டிகளைச் சண்டை நடக்கும் இடத்துக்கே அனுப்பினார். தூக்கி வந்தவர்களில் யார் தளபதி, யார் சாதாரண சிப்பாய் என்று பார்க்கவில்லை. யாருக்குக் காயம் பெரிது என்று மட்டும் பார்த்தார். பெரிய காயம் பட்ட சிப்பாய் முதலில். சின்னக் காயம் பட்ட தளபதி பிறகு. இன்றைய ஆம்புலன்சுக்கும் இந்த மூன்று நிறத்துக்கும் அவர்தான் முன்னோடி.

"கொஞ்சம் வாயு, அவ்வளவுதான்!"

மாலை 6-50 மணி. ஒருவர் நடந்தே வந்தார். வயது ஐம்பது இருக்கும். கூட மனைவி. ஆள் சத்தம் போடவில்லை. அழவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கொஞ்சம் வாயுத் தொல்லை, சிஸ்டர். 3 மணியிலிருந்து நெஞ்சில் அடைக்கிறது. சோடா குடித்தேன். சுக்குக் கசாயம் குடித்தேன். ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும்."

நர்சு அவருடைய சட்டையைப் பார்த்தார். தை மாதக் குளிரில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வியர்வை!

"சிவப்பு!" என்றார்.

நடந்து வந்தவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். சில நிமிடங்களில் இ.சி.ஜி. எடுத்தாகிவிட்டது. அந்தக் காகிதத்தை டாக்டரம்மா ஒரு முறைதான் பார்த்தார். மாரடைப்பு!

இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வதுதான் மாரடைப்பு. வயலுக்குப் போகும் வாய்க்காலில் மண் சரிந்து அடைப்பதுபோல. தண்ணீர் போகாத பயிர் வாடும். ரத்தம் போகாத இதயத் தசை சாகும். செத்த தசை மறுபடி முளைக்காது. அவர் சோடா குடித்துக்கொண்டிருந்த 4 மணி நேரமும் அது நடந்துகொண்டிருந்தது.

கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது. ஆனால் அது முரட்டு மருந்து. கட்டியைக் கரைக்கும், உடம்பில் வேறு எங்காவது புண் இருந்தால் அங்கேயும் ரத்தத்தைக் கசிய விடும். அதனால் டாக்டரம்மா வேகமாகக் கேள்விகள் கேட்டார்.

"பக்கவாதம் வந்ததுண்டா? சமீபத்தில் ஆபரேசன் நடந்ததா? ரத்த வாந்தி எடுத்தீர்களா? தலையில் அடிபட்டதா?"

எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தது. மனைவியிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அந்த அம்மாள் தயங்கினார்.

"எங்கள் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு..."

"போன் பண்ணுங்கள், அம்மா. ஆனால் மருந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் போனை எடுக்கவில்லை. அந்த அம்மாள் புருசனைப் பார்த்தார். அவர் இப்போது சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார். 7-15 மணிக்கு மருந்து ஏறியது. 8-30 மணிக்கு "பாறாங்கல்லை எடுத்து வைத்ததுபோல் இருக்கிறது" என்று அவர் சொன்னார். இ.சி.ஜி. கோடும் இறங்கியிருந்தது. பிறகு இதயக் குழாயைப் படம் எடுத்துப் பார்ப்பதற்காக மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். எல்லோருக்கும் அப்படி வராது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம். பெண்கள் பலருக்கு மூச்சு வாங்கும்; தாடையோ முதுகோ வலிக்கும்; அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது உடனே போய்விட வேண்டும். மாரடைப்புக்கு முதல் வேளையாகக் கொடுக்கும் மாத்திரைகளை அங்கே வைத்திருக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்தது.

வைக்கோல் போரில் இருந்த விரியன்

இரவு 7-40 மணி. ஒரு மோட்டார் சைக்கிள் வாசல் வரைக்கும் ஏறி வந்துவிட்டது. மகன் ஓட்டினான். அப்பா பின்னால். நடுவில் அம்மா. வயது நாற்பது. வலது கை மணிக்கட்டுக்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கை பூரிபோல் வீங்கியிருந்தது.

மாட்டுக்கு வைக்கோல் உருவப் போயிருக்கிறார். மாலை 6 மணி, இருட்டிய நேரம். போருக்குள் கையை விட்டதும் சுருக்கென்று கடித்தது. முள் என்று நினைத்தார். பிறகு "குக்கர் விசில்போல்" ஒரு சீறல் கேட்டது.

நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் 30 நிமிடம். ஆனால் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் வேப்பிலை அடித்து விசம் இறக்குவாராம். முதலில் அங்கே போயிருக்கிறார்கள். அதில் 1 மணி நேரம் போய்விட்டது.

கணவர் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக் காட்டினார். "அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், டாக்டரம்மா. பாருங்கள்!"

"பாம்பு வேண்டாம், அய்யா. வெளியே வையுங்கள். எனக்கு வேண்டியது இவருடைய ரத்தம்" என்றார் டாக்டரம்மா.

பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போகிறது. அடிக்கப் போனவரையும் அது கடித்துவிடுகிறது. அடித்த பாம்பும் சில நேரம் கடிக்கும்!

கயிற்றை அவிழ்க்கக் கணவர் கையை நீட்டினார். டாக்டரம்மா தடுத்தார். இறுக்கிக் கட்டியதைச் சட்டென்று அவிழ்த்தால், அங்கே தேங்கிய விசம் மொத்தமாக உடம்புக்குள் பாயும். மருந்து ஏற ஆரம்பித்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும். கட்டாமலே இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. விரியன் கடித்த கையைக் கட்டினால் விசம் ஒரே இடத்தில் நின்று சதையைத் தின்றுவிடும்.

20 நிமிடம்

அடுத்து நடந்ததுதான் எங்களுக்கு வியப்பு. இவ்வளவு இயந்திரங்கள் உள்ள அறையில், நர்சு ஒரு சாதாரணக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதில் அந்த அம்மாளின் ரத்தத்தை 2 மில்லி விட்டார். குழாயை நிமிர்த்தி வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் தொடக்கூடாது. ஆட்டக்கூடாது.

20 நிமிடம் ஆனது. குழாயைச் சாய்த்தார். நல்ல ரத்தம் என்றால் தயிர்போல் உறைந்திருக்கும், சாய்த்தாலும் வழியாது. இந்த ரத்தம் தண்ணீர்போல் வழிந்தது!

விசம் ஏறிவிட்டது. இனி ஈறில் ரத்தம் கசியலாம். சிறுநீரில் போகலாம். மூளைக்குள் கசிந்தால் முடிந்தது. சிறுநீரகமும் கெட்டுவிடும்.

8-05 மணிக்கு விசமுறிவு மருந்தை எடுத்தார்கள். 10 குப்பி. ஒவ்வொன்றிலும் தூள் இருந்தது. கரைத்து, குளுக்கோசு தண்ணீரில் கலந்து, சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பெரியவருக்கும் 10, குழந்தையைக் கடித்திருந்தாலும் 10. குழந்தை சின்னது என்பதற்காகப் பாம்பு குறைத்தா கடிக்கிறது?

பக்கத்தில் இன்னொரு ஊசியை நிரப்பித் தயாராக வைத்தார்கள். "இது எதற்கு?" என்று கேட்டோம். "பாருங்கள்" என்றார் நர்சு.

பத்தாவது நிமிடத்தில் அந்த அம்மாளுக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. தடித்தது. நடுக்கம் கண்டது. ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. மருந்தே சிலருக்கு இப்படிச் செய்யும். உடனே மருந்தை நிறுத்தினார்கள். தயாராக இருந்த ஊசியைத் தொடையில் போட்டார்கள். அதுதான் அட்ரினலின். சில நிமிடங்களில் அழுத்தம் ஏறியது. பிறகு மறுபடியும் விசமுறிவு மருந்தை மெல்ல மெல்ல விட்டார்கள்.

வெளியே மகன் சுவரோடு ஒட்டி நின்றான். "வேப்பிலை அடித்தவர் சரியாகிவிட்டது என்றுதானே சொன்னார்?" என்று அப்பாவைக் கேட்டான். அப்பா பதில் சொல்லவில்லை.

வேப்பிலைக்காரரிடம் போனவர்களில் பலர் பிழைக்கத்தான் செய்கிறார்கள். காரணம், கடித்தவற்றில் பல விசமில்லாத பாம்புகள். விசப் பாம்பும் சில நேரம் விசத்தை இறக்காமல் கடிக்கும். அப்படிப் பிழைத்தவர்கள்தான் அவருக்கு விளம்பரம். பிழைக்காதவர்கள் வந்து சொல்வதில்லையே!

இருளர் பிடித்த பாம்பு

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? பாம்பிடமிருந்தேதான் வருகிறது.

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் ஏற்பட்டது. முன்பு பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இவர்கள். அந்த வியாபாரத்துக்குச் சட்டம் தடை போட்டது. பிழைப்புப் போயிற்று. பிறகு அதே கைகள் உயிர் காக்கும் வேலைக்கு வந்தன. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளைப் பிடிக்கிறார்கள். சில வாரம் பானையில் வைத்து விசம் எடுக்கிறார்கள். பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அந்த விசத்தை மருந்துக் கம்பெனிகள் வாங்குகின்றன. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். குதிரை சாவதில்லை, அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்தால் விசமுறிவு மருந்து. லாரேயின் ஆம்புலன்சை இழுத்ததும் குதிரை. இந்த மருந்தைத் தருவதும் குதிரை!

இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர்! பெரும்பாலும் கிராமத்தார். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஓர் உத்தரவு போட்டது. பாம்புக் கடி என்று யார் வந்தாலும் ஆஸ்பத்திரிகள் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தானே அந்த ஊருக்கு மருந்து அனுப்ப முடியும்?

தள்ளி நின்ற மனிதர்

இரவு 10-20 மணிக்கு 108 ஆம்புலன்சு வந்தது. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது இந்த வண்டி. உள்ளே ஒரு வாலிபன். நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன். தலையில் கவசம் இல்லை. நினைவு இல்லை. சட்டைப் பையில் பூட்டிய செல்போன் ஒன்றுதான் இருந்தது. பெயர் தெரியாது. ஊர் தெரியாது.

பெயர் தெரியாவிட்டால் என்ன? மூச்சுக் குழாய் போட்டார்கள். கழுத்து அசையாமல் பட்டை கட்டினார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயார் செய்தார்கள்.

அப்போதுதான் கவனித்தோம். வாசலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், ஒருவர் நின்றார். வேட்டியெல்லாம் ரத்தம். அவர்தான் 108-க்குப் போன் செய்து, கூடவே வந்தவர். காய்கறி வண்டி டிரைவர். உள்ளே வரப் பயப்பட்டார்.

"போலீசு கேட்கும். கோர்ட்டுக்கு அலைய விடுவார்கள். நாளைக்குப் பிழைப்பு என்ன ஆவது?" என்றார்.

இந்தப் பயம் வீண் பயம் அல்ல. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியே பயந்தது! டில்லி சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. ஸ்கூட்டரில் போனவர் மீது ஒரு கார் மோதியது. அவரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "இது போலீஸ் கேசு. 20 கிலோமீட்டர் தள்ளி உள்ள இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று டாக்டர்கள் சொன்னார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்துத்தான் வழக்குப் போட்டார்கள். 1989-ல் தீர்ப்பு வந்தது. அரசு டாக்டரோ, தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காக்க வேண்டும். போலீசு, சட்டம் எல்லாம் பிறகுதான் என்று கோர்ட்டு சொன்னது.

டாக்டரின் பயம் போனது. வழிப்போக்கரின் பயம்? அதற்கு 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு வழி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். உதவி செய்கிறவர் பெயர் சொல்ல விருப்பம் இல்லை என்றால் சொல்ல வேண்டாம். சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரி அவரிடம் பணம் கேட்கக் கூடாது. அவர் மீது வழக்கும் போட முடியாது.

டாக்டரம்மா இதை அந்த டிரைவரிடம் சொன்னார். "நீங்கள் இப்போதே போகலாம், அண்ணே. யாரும் தடுக்க மாட்டார்கள்."

அவர் போகவில்லை. "பையனுடைய வீட்டிலிருந்து போன் வரும். எடுத்துப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?" என்றார். 11-10 மணிக்கு அந்த செல்போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். "அம்மா" என்று திரையில் வந்திருந்தது.

என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. தள்ளிப் போய்விட்டோம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம்" திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேர வைத்தியச் செலவை அரசு ஏற்கும். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும்.

நள்ளிரவுக்குப் பிறகு

மூக்கில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்ட குழந்தை ஒன்று வந்தது. கொட்டையை எடுத்ததும் சிரித்தது. மூச்சு இழுப்பு 3 பேர். கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் வயிறு கெட்டவர்கள் ஒரு வேன் நிறைய. கடைக்காரரின் விரலுக்கு 4 தையல் போட்டு, டெட்டனசு ஊசியும் போட்டு 9-30 மணிக்கே அனுப்பிவிட்டார்கள்.

1 மணிக்கு ஒரு முதியவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அமுக்க வேண்டும். ஒருவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர். 30 நிமிடம். வரும்போதே உயிர் இல்லை என்று டாக்டர்களுக்குத் தெரியும். ஆனாலும் செய்தார்கள்.

பிறகு டாக்டரம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். மகனைப் பெஞ்சில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த இரவில் அவர் உட்கார்ந்ததை அப்போதுதான் பார்த்தோம். "அப்பா இறந்துவிட்டார்" என்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "சுற்றி வளைத்தால் அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். அது இன்னும் கொடுமை" என்றார் பிறகு எங்களிடம்.

2 மணிக்குப் பாம்பு கடித்த அம்மாளின் ரத்தத்தை மறுபடியும் குழாயில் விட்டார்கள். 20 நிமிடம். சாய்த்தார்கள். வழிந்தது! இன்னும் 10 குப்பி ஏற்றினார்கள். சிறுநீரை அளந்து அளந்து எழுதினார்கள். அளவு குறையவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

காலை 8 மணிக்குள் மூன்றாவது குழாய். பணி முடிந்த இரவு நர்சு வீட்டுக்குப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மேசைக்குப் பக்கத்தில் நின்றார். மகனும் உள்ளே வந்து நின்றான். யாரும் அவனை வெளியே போகச் சொல்லவில்லை.

20 நிமிடம் ஆனதும் நர்சு குழாயைச் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்தார். ரத்தம் அசையவில்லை.

"உறைந்துவிட்டது. இன்னும் 2 நாள் இங்கே இருக்க வேண்டும். கையில் புண் ஆற நாளாகும்" என்றார்.

மகன் தலையாட்டினான். கறவை நேரம் தப்பிவிட்டது என்று சொல்லி, மோட்டார் சைக்கிள் சாவியை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டான். நர்சு வாசல் வரை போய், வைக்கோல் உருவும்போது முதலில் ஒரு கழியால் தட்டும்படி அவனிடம் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.